லிஸ்பன் நகரில் தப்பிய ஏடுகள்

போர்த்துகல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில், தேஜோ ஆற்றங்கரையை ஒட்டி அகன்று கிடக்கும் சதுக்கம் ஒன்றிற்கு இரண்டு பெயர்கள் உள்ளன. நிலப்படத்தில் காணப்படுவது ‘வணிகச் சதுக்கம்’ என்னும் பெயர். நகர மக்களின் நாவில் வழங்குவதோ ‘அரண்மனை முற்றம்’ என்பது. முற்றம் இருக்கிறது, அரண்மனை இல்லை. 1755-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளன்று இடிந்து, கடல்நீரில் மூழ்கி, தீயில் வெந்துபோன அரண்மனையின் பெயரை, இரண்டரை நூற்றாண்டு கடந்தும் அந்நகரத்தார் கைவிடாமல் வழங்கி வருகின்றனர்.

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், நோன்புப் பெருநாள் விடுமுறையில், நண்பர்கள் நால்வர் அம்முற்றத்தில் நின்றோம். ஒருவர் இடைநிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். என்னோடு ஆசிரியர் பயிற்சி பெற்ற காலந்தொட்டு நண்பர். மற்றொருவர் கட்டடக் குத்தகையாளர். மூன்றாமவர் அஞ்சலகத்தில் முப்பதாண்டுகள் பணியாற்றியவர். ஐரோப்பாவில் அது இளவேனிற் பருவம். வெயில் இருந்தது, வெப்பம் இல்லை. ஆற்றிலிருந்து வீசிய காற்று, நம் நாட்டில் கேமரன் மலையின் காலைக் காற்றை நினைவூட்டியது. வெள்ளையும் கருமையுமான சிறு கற்களைப் பதித்துக் கோலமிட்டாற்போல் அமைத்த நடைபாதைகளில் மக்கள் கூட்டம் நிறைந்திருந்தது. அழகிய நகரம் என்பதில் ஐயமில்லை. எனினும் ஆசிரியத் தொழிலில் ஊறியவர்களுக்குக் கண்ணுக்குத் தெரிவதைக் காட்டிலும் தெரியாமற் போனதன்மீதே கருத்துச் செல்லும். எங்கள் நான்கு நாள் பேச்சும் அவ்வாறே அமைந்தது.

அந்த நவம்பர் முதல் நாள் கிறித்தவர்களுக்குப் புனிதர் அனைவர் பெருவிழா. காலை ஒன்பதரை மணி கடந்த வேளை. கோயில்களில் மக்கள் நிறைந்திருந்தனர். பலிபீடங்களில் மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. நிலம் அடுத்தடுத்து அதிர்ந்தது. கற்கூரைகள் வழிபட்டோர்மீதே வீழ்ந்தன. பிழைத்தோர் திறந்த வெளியை நாடி ஆற்றங்கரைக்கு ஓடினர். முக்கால் மணி நேரத்திற்குள் கடல் பொங்கி ஆற்றின் வழியே ஏறி வந்து, கரையில் நின்றோரை வாரிச் சென்றது. ஆழிப்பேரலை என்று இன்று நாம் கூறுவது அதுவே. அதன் பிறகு, விளக்குகளிலும் அடுப்புகளிலும் பற்றிய தீ ஐந்தாறு நாள் எரிந்தது. நிலம், நீர், தீ என மூன்றும் முறைவைத்து வந்தாற்போல் வந்தன. மாண்டோர் தொகையைப் பற்றிப் பல கணக்குகள் உள்ளன. முப்பதாயிரம் முதல் நாற்பதாயிரம் பேர் என்பது பலரும் கூறும் மதிப்பீடு.

ஐரோப்பிய அறிஞர் உலகத்தை இச்செய்தி உலுக்கியது. பிரெஞ்சு அறிஞர் வால்த்தேர் இதனைப் பற்றிக் கவிதை எழுதினார். செருமானிய மெய்யறிஞர் காண்ட் நில நடுக்கத்தைப் பற்றி 1756-இல் கட்டுரைகள் எழுதினார். நல்லோரும் தீயோரும் ஒருங்கே மடிந்தது ஏன் என்ற வினாவே அந்நாளில் எங்கும் பேசப்பட்டது. நான் இங்குப் பேசக் கருதுவது அதனினும் சிறிய ஒன்றைப் பற்றி: அன்று எரிந்த காகிதங்களும் எரியாத காகிதங்களும்.

ஆற்றங்கரை அரண்மனையில் இருந்தவை அரசனின் அறைகள் மட்டுமல்ல. எழுபதாயிரம் நூல்கள் கொண்டதாகக் கூறப்படும் அரச நூலகம் அங்கிருந்தது. அவ்வாண்டின் இளவேனிலில் திறக்கப்பட்டு, ஏழே மாதம் வாழ்ந்த இசை நாடக அரங்கு அதன் அருகிலிருந்தது. எல்லாவற்றினும் மேலாக, ‘இந்தியா இல்லம்’ என்னும் அரசு நிறுவனம் அங்கேதான் இயங்கியது. கீழைக் கடல்களிலிருந்து வந்த மிளகு, கிராம்பு, சாதிக்காய், பட்டு ஆகியவற்றை நிறுத்து, வரி தண்டி, விற்றுக் கணக்கெழுதிய இடம் அது. இரண்டரை நூற்றாண்டுக் கணக்கேடுகளும் கப்பற் பதிவுகளும் அந்தத் தீயில் அழிந்தன. நம் நாட்டுக் கடற்கரையிலிருந்து சென்ற பொருள்களின் கணக்கும் அவற்றுள் இருந்திருக்கும் என்று எண்ணும்போது, அந்த முற்றத்தின் வெறுமை வேறு பொருள் தருகிறது.

நிற்க. முற்றத்திற்குப் பின்னால், நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும் தெருக்களைக் கண்டு கட்டடக் குத்தகையாளர் மகிழ்ந்து போனார். நில நடுக்கத்திற்குப் பின் அமைச்சர் செபாஸ்தியாவோ ஜோசே, பிற்காலத்தில் பொம்பால் பிரபு என்று பட்டம் பெற்றவர், எழுப்பிய புதுநகர்ப் பகுதி அது. பொன் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்போர் தெரு என்று தொழில்வகையால் பெயர் பெற்ற தெருக்கள் இன்றும் அப்பெயர்களுடன் உள்ளன. அக்கட்டடங்களின் சுவருக்குள் மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய கூண்டு ஒன்று மறைந்திருக்கிறது. நிலம் அசைந்தால் மரமும் சற்று அசைந்து கொடுக்கும். கல் உதிர்ந்தாலும் வீடு நிற்கும். மாதிரிக் கூண்டு ஒன்றைக் கட்டி, அதைச் சுற்றிப் படைவீரர்களைக் காலுதைத்து நடக்கச் செய்து சோதித்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. குத்தகையாளர் ஒரு கடையின் சுவரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “இந்தக் காலத்திலும் இவ்வளவு பொறுப்போடு கட்ட எல்லாருக்கும் மனம் வராதையா” என்றார்.

எனக்கு அந்த மரக் கூண்டைவிட அரசு அனுப்பிய வினாப்பட்டியலே வியப்பளித்தது. நாட்டிலுள்ள ஒவ்வொரு பங்கிற்கும் அது சென்றது. நடுக்கம் எந்நேரம் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை பேர் மாண்டனர், கடல் முதலில் உயர்ந்ததா தாழ்ந்ததா, ஊற்றுகளில் மாறுதல் உண்டா என்றெல்லாம் கேட்டிருந்தனர். இறைவன் ஏன் சினந்தான் என்று மறைமேடைகளில் முழங்கிக்கொண்டிருந்த காலத்தில், என்ன நிகழ்ந்தது என்று மட்டும் கேட்ட வினாத்தாள் அது. மாணவர்க்கு வினா அமைக்கும் ஆசிரியர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கத்தக்கது. நில நடுக்க இயலின் தொடக்கமாக அதனைக் கருதுவோர் உளர். விடைத்தாள்களும் அழியவில்லை. பொம்பால் கொடுங்கோலர் என்பதும் உண்மை. தம் எதிரிகளை இரக்கமின்றி ஒழித்தார். அவ்விரண்டையும் ஒரே பாடத்தில் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் பழைய டிராம் வண்டியில் ஏறிக் குன்றின்மேலுள்ள புனித ஜார்ஜ் கோட்டைக்குச் சென்றோம். இன்று பயணிகள் காணும் மதில்களிற் பெரும்பகுதி 1940-ஆம் ஆண்டு விழாவினை முன்னிட்டுச் சலசார் ஆட்சி புதுக்கிக் கட்டியது. கோட்டையில் ஒரு கோபுரத்திற்கு யுலிசிஸ் கோபுரம் என்று பெயர். உள்ளே கண்ணாடிகளும் வில்லையும் பொருத்தி, நகரின் காட்சியை ஒரு வட்டத் தட்டில் விழச் செய்கின்றனர். அதைக் காண மக்கள் வரிசையில் நின்றனர். அக்கோபுரத்தின் பழம்பெயர் ‘தோம்போ கோபுரம்’. தோம்போ என்றால் பதிவேடு. பதினான்காம் நூற்றாண்டு முதல் போர்த்துகீசிய அரசின் ஆவணங்கள் அங்கேதான் காக்கப்பட்டு வந்தன. ஆவணக் காப்பகம் இடம் மாறிப் போன பின்னும் அந்தப் பெயர் அதனை விடவில்லை. நாட்டின் தேசிய ஆவணக் காப்பகம் இன்றும் ‘தோம்போ கோபுரம்’ என்றே அழைக்கப்படுகிறது.

1755-இல் அக்கோபுரமும் இடிந்தது. ஆனால் ஆற்றங்கரையைச் சூறையாடிய நீரும் நெருப்பும் அங்குள்ள ஏடுகளை அழிக்கவில்லை. அவை இடிபாட்டுக்குள் கிடந்தன. அவ்வேளையில் காப்பகத்தின் தலைமைக் காவலராக இருந்தவர் மனுவேல் த மாயா என்னும் படைப் பொறியாளர். 1677-இல் பிறந்தவர், அன்று அவருக்கு வயது 78. நகருக்குக் குடிநீர் கொணர்ந்த பெரிய கால்வாய்ப் பாலத்தின் தொடக்கப் பணிகளில் ஈடுபட்டவர். அப்பாலம் நில நடுக்கத்தில் விழாமல் நின்றது. நகரமே எரிந்துகொண்டிருக்க, எண்பதை நெருங்கிய முதியவர் தம் வீட்டையும் உறவையும் மட்டும் கருதியிருந்தால் எவரும் குறை கூறியிரார். அவரோ ஏடுகளை இடிபாட்டிலிருந்து அகற்றிக் கோட்டை முற்றத்தில் மரக் கொட்டகை எழுப்பி, அதற்குள் சேர்ப்பித்தார். 1757-இல் அவை சாவோ பெந்து மடத்திற்குக் கொண்டு செல்லப்பட்டன. அங்கே ஏறத்தாழ 230 ஆண்டுகள் இருந்தன. அதே முதியவர்தாம், நடுக்கம் நிகழ்ந்து ஒரு திங்கள் கடந்த சில நாள்களில், அழிந்த நகரை மீண்டும் எழுப்புவதற்குரிய வழிகளை ஆராய்ந்து அறிக்கையின் முதற்பகுதியையும் அரசிடம் அளித்தார். பொம்பாலுக்கு லிஸ்பனில் வானளாவிய தூணின்மேல் சிலை இருக்கிறது. மாயாவின் பெயரைச் சுற்றுலாக் கையேடுகள் மிக அரிதாகவே கூறுகின்றன.

சிதறிய தனித்தாள்கள் எண்ணற்றவை. அவற்றைக் கால வரிசையில் அடுக்கி அமைத்த தொகுதிக்குக் ‘காலவரிசைத் தொகுப்பு’ என்று பெயர். 83,000-க்கும் மேற்பட்ட ஆவணங்கள் அதில் உள்ளன. 2007-இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துச் சிறப்பித்தது. எங்கள் அஞ்சலக நண்பருக்கு இச்செய்தி மிகவும் பிடித்தது. “முகவரி கிழிந்த கடிதங்களைப் பிரித்து வைப்பது எத்தகைய வேலை என்று எனக்குத் தெரியும்” என்றார்.

இனி, இவற்றுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று மாணவர் கேட்கலாம். 1511-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அபோன்சோ த அல்புகர்க் மலாக்காவைக் கைப்பற்றினார் என்று நம் பாடநூல்களிற் படிக்கிறோம். அந்த வெற்றியின் கதையில் ஒரு தமிழ் வணிகர் வருகிறார். போர்த்துகீசியர் அவரை நீனா சட்டு என்று எழுதினர். நயினார் செட்டி என்பதன் திரிபாகலாம் என்று கருதுவோர் உளர். 1509-இல் மலாக்காவுக்கு வந்த முதற் போர்த்துகீசியக் கப்பற் குழுவினருள் சிலர் சிறைப்பட்டனர். அவர்களுக்கு உதவியவர் இவர். சிறையிலிருந்த ரூய் த அராவுஜோ 1510 பிப்ரவரியில் மலாக்காவிலிருந்து அல்புகர்க்குக்கு எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. நகரம் வீழ்ந்த பின் அல்புகர்க் நீனா சட்டுவைப் பெண்டகாராப் பதவியில் அமர்த்தினார். பெகு நாட்டிற்கும் சோழமண்டலக் கரைக்கும் போர்த்துகீசியரோடு கூட்டாகக் கப்பல் அனுப்பினார் அவர். 1514-இல் அப்பதவி கம்பார் மன்னருக்கு மாற்றப்பட்டபோது, மானம் பொறாமல் தீ வளர்த்து அதிற் பாய்ந்து உயிர் துறந்தார் என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

அவர் நண்பரா, துரோகியா? எங்கள் வரலாற்றாசிரிய நண்பருக்கும் எனக்கும் கோட்டை மதிலில் அமர்ந்தவாறே இதுபற்றி நீண்ட வாக்குவாதம். சுல்தானின் ஆட்சியில் வாழ்ந்து வளர்ந்த வணிகர், நகரைத் தாக்க வந்தவனுக்குத் துணை போனது தவறே என்றார் அவர். இந்து வணிகருக்கும் குஜராத்திய வணிகருக்கும் இடையே அந்நாளில் நிலவிய போட்டியை நோக்க வேண்டும் என்றேன் நான். இருவரும் ஒத்துக்கொண்ட ஒரு செய்தி உண்டு. நீனா சட்டுவைப் பற்றி நாம் அறிவதெல்லாம் வென்றவர்கள் எழுதியவற்றிலிருந்தே அறிகிறோம். தம் மன்னனுக்குப் பெருமையாக அறிக்கை விடுத்த தளபதிகளின் கடிதங்கள் குன்றின்மேல் இருந்தமையால் தப்பின. மூட்டைகளை எண்ணி, எடையைக் குறித்த எழுத்தர்களின் ஏடுகள் ஆற்றங்கரையில் இருந்தமையால் எரிந்தன. ஆகவே 1511-ஐப் பற்றி நாம் கேட்பது பெரிதும் தளபதிகளின் குரலே. இதை எந்தச் சூழ்ச்சியாளனும் திட்டமிடவில்லை. ஒரு கட்டடம் உயரத்தில் இருந்தது. மற்றொன்று தாழ்வில் இருந்தது. அவ்வளவே.

ஒரு படி வேறிடத்தில் இருந்தால் நூல் பிழைக்கும் என்பதற்கும் மலாக்காவே சான்று. 1512 முதல் சில ஆண்டுகள் மலாக்காவில் வாழ்ந்த தோமே பிரேஸ் என்னும் மருந்து வணிகர், அந்நகரின் வணிகத்தையும் அங்கு வாழ்ந்த கிலிங்கர் என்னும் தென்னிந்திய வணிகரையும் விரிவாக எழுதி வைத்தார். அந்நூலின் முழுமையான கையெழுத்துப் படி 1937-இல் பாரிசு நகர நூலகம் ஒன்றில் போர்த்துகீசிய அறிஞர் கோர்த்தெசாவோவின் கண்ணிற் பட்டது, 1944-இல் அச்சேறியது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் அது உறங்கிக் கிடந்தது. நம் தோட்டப்புறப் பள்ளிகள் மூடப்பட்டபோது அவற்றின் வருகைப் பதிவேடுகளும் நாட்குறிப்பேடுகளும் எங்குச் சென்றன என்று அப்பொழுது அஞ்சலக நண்பர் கேட்டார். சில பள்ளிகளின் ஏடுகளை நான் அறிவேன், பலவற்றை அறியேன். பேச்சு அத்துடன் நின்றது.

கோட்டையிலிருந்து இறங்கி, எதிர்க்குன்றில் உள்ள கார்மோ மடத்திற்குச் சென்றோம். 1389-இல் தொடங்கப்பட்ட கோயில் அது. 1755-இல் கூரை வீழ்ந்தது. மீண்டும் கட்டத் தொடங்கி, 1834-இல் துறவியர் மடங்கள் கலைக்கப்பட்டபோது வேலை நின்றது. அதன்பின் எவரும் கூரை வேயவில்லை. கல் வளைவுகள் மட்டும் விலா எலும்புகள்போல் நிற்க, அவற்றின் ஊடே நீல வானம் தெரிகிறது. கீழே புல் தளிர்த்திருந்தது. லிஸ்பனில் நான் கண்டவற்றுள் மனத்தை மிகவும் ஈர்த்த இடம் இதுவே. பெருங் கட்டடங்கள் வாய்விட்டுத் தற்புகழ்ச்சி பேசும் நகரில் இது ஒன்று பேசாமல் நிற்கிறது.

மடத்தின் வாசலில் உள்ள சிறு சதுக்கத்திற்கு வேறொரு வரலாறும் உண்டு. ஏறத்தாழ அரை நூற்றாண்டு போர்த்துகல் சர்வாதிகாரத்தின்கீழ் இருந்தது. செய்தித்தாள்கள் தணிக்கை செய்யப்பட்டன; இரகசியக் காவல் துறை மக்களை வேவு பார்த்தது; ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் ஓயாத போர். 1974-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் இளம் படை அலுவலர்கள் கிளர்ந்தெழுந்தனர். பிரதமர் மார்செலோ கயெத்தானோ ஒளிந்திருந்தது கார்மோ மடத்தை ஒட்டிய காவற்படை நிலையத்தில். அதனை முற்றுகையிட்ட தலைவர் சல்கைரோ மாயா. 29 வயதான படைத் தலைவர். மக்கள் சதுக்கத்தில் நிறைந்து மரங்களின்மேலும் ஏறி நின்றனர். மாலையில் கயெத்தானோ பணிந்தார். வீரர்களின் துப்பாக்கி முனைகளில் மக்கள் செருகிய கார்னேஷன் மலர்களால் அப்புரட்சிக்குப் பெயர் அமைந்தது. குருதியே சிந்தாத புரட்சி என்று சிலர் எழுதுகின்றனர், அது சரியன்று. இரகசியக் காவல் துறையினர் தம் அலுவலகத்திலிருந்து கூட்டத்தினர்மேல் சுட்டதில் நால்வர் மாண்டனர். நாங்கள் சென்றபோது ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரங்களே இருந்தன.

இரண்டு மாயாக்களும் உறவினர் அல்லர். பெயர் ஒற்றுமை மட்டுமே. ஆயினும் இருவர் கதையும் ஒரே கட்டடத்தில் வந்து சேர்கின்றன. 1990-இல் ஆவணக் காப்பகம் பல்கலைக்கழக வளாகத்தில் எழுப்பிய புதிய கட்டடத்திற்கு மாறியது. கோட்டைபோல் தடித்த சுவர்கள் கொண்ட கட்டடம். அல்புகர்க்கின் கடிதங்களும், நில நடுக்க வினாப்பட்டியலின் விடைகளும் அங்குள்ளன. கலைக்கப்பட்ட இரகசியக் காவல் துறையின் கோப்புகளும் அங்கேதான் வைக்கப்பட்டுள்ளன. 1994-இல் அவை ஆய்வுக்குத் திறந்துவிடப்பட்டன. தம்மைப் பற்றி அரசு என்ன எழுதி வைத்தது என்பதைக் குடிமக்கள் படிக்கலாயினர். வெட்கக்கேடான ஏடுகளையும் கொளுத்தாமல் வைத்த அந்த நாட்டை இதற்காகவேனும் பாராட்டலாம் என்பது என் கருத்து.

கடைசி நாளை நகரின் மேற்கிலுள்ள பெலெம் பகுதிக்கு ஒதுக்கினோம். பயணிகள் லிஸ்பனுக்கு வருவதே இதற்காகத்தான். ஆற்றுக்குள் நிற்கும் காவற் கோபுரம், கடலோடிகளின் நினைவுச் சின்னம், ஜெரோனிமுஸ் மடம் எல்லாம் இங்குள்ளன. 1960-இல் நிலையாக எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தில் இளவரசர் என்ரிக்கே முன்னிற்க, 32 பேர் அவர் பின்னால் அணிவகுக்கின்றனர்; அல்புகர்க்கும் அவர்களுள் ஒருவர். மடமோ சுண்ணாம்புக் கல்லில் கயிறுகளும் கடற்பாசியும் பவளமும் செதுக்கிய அற்புதம். அதனைக் கட்டிய பணம், ஆப்பிரிக்க, கீழைநாட்டு வணிகத்தின்மேல் விதித்த இருபதில் ஒரு பங்கு வரியிலிருந்து வந்தது. நம் கடல்களின் கிராம்பும் மிளகும் அந்தத் தூண்களுக்குள் இருக்கின்றன என்றால் மிகையன்று. உள்ளே வாஸ்கோ த காமாவின் கல்லறை. 1524-இல் கொச்சியில் இறந்து அங்கே புதைக்கப்பட்டவர். 1539-இல் உடல் தாயகம் சேர்ந்தது. 1880-இல் இம்மடத்திற்கு வந்தது. கற்றச்சரின் திறமையைப் பாராட்டிக்கொண்டே அந்தப் பணத்தின் வழியையும் மாணவர்க்குச் சொல்லுதல் வேண்டும்.

நான் அங்குக் காண விரும்பியது கல்லறையை அன்று. அம்மடத்தின் மேலைப் பகுதியில் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகம் உள்ளது. அதன் உடைமைகளுள் ஒன்று 1554-இல் லிஸ்பனில் அச்சான சிறு நூல். ‘தமிழ் மொழியிலும் போர்த்துகீசிய மொழியிலும் அமைந்த கார்த்தில்யா’ என்பது அதன் பெயர். கார்த்தில்யா என்றால் சமயப் பாலபாடம். மன்னர் மூன்றாம் ஜோவாவோவின் ஆணையால் வந்தது. விசென்தே த நசரே, ஜோர்ஜே கர்வால்யோ, தோமா த குருஸ் எனத் தமிழறிந்த மூவர் அதனை ஆக்கினர். போர்த்துகீசியப் பெயர்களாகவே அவர்கள் நமக்குத் தெரிய வருகின்றனர். தமிழ் எழுத்து அச்சு வார்க்கப்படாத காலம். ஆதலால் தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் அச்சிட்டு, போர்த்துகீசியப் பொருளையும் உடன் தந்தனர். தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் வெளிவந்தது 1578-இல். அதற்கு 24 ஆண்டுகள் முன்னரே நம் மொழி ஓர் ஐரோப்பியத் தலைநகரில் அச்சேறிவிட்டது. அறியப்பட்ட ஒரே படி இது. 1970-இல் இதன் உருவப் பதிப்பு வெளியாயிற்று.

அருங்காட்சியகத்தின் கதவு அடைத்திருந்தது. புதுப்பிக்கும் பணிக்காக 2022-இலேயே மூடியிருந்தனர். முன்பே அறிந்துதான் சென்றோம். எனினும் வாசல் வரையில் போய்வர வேண்டும் என்று தோன்றியது. பணித் தடுப்பின் ஓரமாக நால்வரும் சிறிது நேரம் நின்றோம். வரலாற்றாசிரிய நண்பர் தம் கைப்பேசியில் அந்நூலின் முகப்புப் பக்கத்தின் படத்தை எடுத்துக் காட்டினார். ‘தமூல்’ என்ற சொல்லை அஞ்சலக நண்பர் எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார். எங்களைக் கடந்து, மடத்தின் முன்வாசலில் நுழைவுச் சீட்டுக்காக நின்ற வரிசை வெயிலில் நீண்டுகொண்டே போயிற்று.